டென்ஷன் செயினுக்கா... நமக்கா?

கியர் பாக்ஸ் கிடையாது. சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரன்ஷியல் கிடையாது. கதவு, கூரை, ஹாரன் எதுவுமே கிடையாது. குழாய்களை வளைத்து வெல்டிங் வைத்த ஒரு சட்டம், நாலு குட்டிச் சக்கரம், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜின், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு செயின். அவ்வளவுதான் கோ-கார்ட்!

'இதுல ரிப்பேர் ஆகுறதுக்கு என்ன மச்சி இருக்கு?' என்று கேட்காத ஃப்ரெண்டே எனக்குக் கிடையாது. எல்லாருக்கும் என் பதில் ஒண்ணுதான். அந்தச் செயின் இருக்கே, அது போதும் பாஸ்!

1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற ரேஸ் கார் கட்டும் மெக்கானிக், புல் வெட்டும் மெஷினுக்கான இன்ஜினை ஒரு குழாய் சட்டத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அதுதான் உலகின் முதல் கார்ட். இன்றைக்கு ஃபார்முலா ஒன் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பல் விழுந்து முளைக்கிற வயசிலேயே கார்ட்டில் உட்கார்ந்தவர்கள். மைக்கேல் ஷூமேக்கருக்கு முதல் கார்ட்டைச் செய்து கொடுத்தது அவருடைய அப்பாதான், பெடல் கார்ட்டில் மோட்டாரைப் பூட்டி! இந்தியாவிலும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் தேசியப் போட்டிகளில் மைக்ரோ, ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள் உண்டு. 'மைக்ரோ'வில் ஓட்டுகிறவர்கள் அரை டிக்கெட் வாண்டுகள்.

எங்க வீட்டிலும் ஒரு வாண்டு உண்டு. அக்கா பையன். ஒன்பது வயசு. வீட்டில் எல்லோருக்கும் 'சின்னு'. மச்சானுக்கு ரேஸ் பைத்தியம். நரேன் கார்த்திகேயனின் ஊரான கோயம்புத்தூராச்சே... அது இந்த ஊர் காற்றிலேயே இருக்கும்போல! செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டிக் கார்ட் வாங்கிவிட்டார். மெக்கானிக்கல் படிக்கிற மச்சினன் ஒருத்தன் வீட்டிலேயே சும்மா இருக்கும்போது தனியாக மெக்கானிக் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்பேனரோடு ஆஜர் ஆகிவிடுவேன். சம்பளம், அக்கா கட்டித்தரும் தக்காளி சாதம்.

குட்டிச் செயின்... குதிரை வேலை

உங்க பைக் செயினை ஒருமுறை பாருங்க. நம்ம ஊர் சாதாரண பைக்குகளில் பலவற்றில் இருப்பது 428 ரகம். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். ரேஸ் கார்ட்டில் இருப்பது 219 ரகம். அதன் இடைவெளி 7.774 மில்லிமீட்டர்தான். கையில் எடுத்தால் கழுத்துச் சங்கிலி மாதிரி இருக்கும்.

ஆனால் அது செய்கிற வேலை? சின்னதாக ஒரு கணக்கு. முன்னால் இன்ஜின் பக்கம் 12 பல், பின்னால் அச்சில் 72 பல். இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. 12-ஐ 7.774-ஆல் பெருக்கினால், ஒரு சுற்றுக்குச் செயின் சுமார் 93 மில்லிமீட்டர் நகரும். நொடிக்கு 166 சுற்றுக்கு மேல். அப்படியென்றால் நொடிக்குப் பதினைந்தரை மீட்டர். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால்!

கியர் பாக்ஸ் இல்லாததால், கியர் மாற்றுவது என்றால் ஸ்ப்ராக்கெட்டையே மாற்றுவதுதான். 72-ஐ 12-ஆல் வகுத்தால் விகிதம் 6. பின்னால் பல் கூடினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை கிடைக்கும், நேர்பாதையில் டாப் ஸ்பீடு குறையும். பல் குறைந்தால் உல்டா. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 11 ஆக்கினால், அது பின்னால் ஆறேழு பல்லைக் கூட்டியதற்குச் சமம். டிராக்குக்கு டிராக், சில நாள் மதியத்துக்கும் சாயங்காலத்துக்குமே இதை மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இன்ஜினை நகர்த்தணும், செயினைத் திரும்ப இறுக்கணும், நேர் பார்க்கணும். தொல்லை ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

மூணு ஞாயிறு, ஒரே வளைவு

சின்னுவுக்கு முதல் ரெண்டு மாசம் எல்லாம் சூப்பர். அப்புறம் ஒரு ஞாயிறு, நாலாவது லேப்பில் செயின் கழன்றது. மாட்டிவிட்டோம். அடுத்த ஞாயிறு திரும்பவும். அதற்கடுத்த வாரம் ஒரே காலையில் ரெண்டு தடவை. எல்லாமே நேர்பாதை முடிந்து வருகிற அதே வலது வளைவில்.

மச்சான் வேலியோரமாக நின்று கத்துவார். "கெர்ப் மேல ஏத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஆக்ஸிலரேட்டரை வெடுக்குனு மிதிக்காதே! அதான் செயின் போகுது!"

கெர்ப் என்பது வளைவு ஓரத்தில் சிவப்பு வெள்ளை அடித்த மேடு. அதில் ஏறினால் கார்ட் குதிக்கும், செயினும் குதிக்கும். மச்சான் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பசங்க புதுசாக ஓட்டும்போது அப்படி நடக்கும்தான். ஆனால் நான் அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். பையன் கெர்ப்பைத் தொடவே இல்லை. சொல்லப்போனால், பயந்து போய் ரெண்டடி தள்ளியே ஓட்டினான். அப்பவும் கழன்றது.

மூணாவது வாரம் ஹெல்மெட்டைக் கழற்றினவன் யாரையும் பார்க்கவில்லை. க்ளவுஸை மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்தான். "மாமா, அடுத்த வாரம் நான் வரலீங்க. தெருவுல கிரிக்கெட் இருக்கு" என்றான். பொய். அவனுக்கு கிரிக்கெட்டே பிடிக்காது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் 'இந்த வண்டியை வித்துத் தொலைச்சிடலாம்டா' என்று எழுதியிருந்தது.

செமஸ்டர் பேப்பரில்கூட எனக்கு அவ்வளவு அவசரமாக விடை தேவைப்பட்டதில்லை.

விசாரணை ஆரம்பம்

செயின் பிரச்னைக்கு ஒரு வரிசை உண்டு. கையில் கிடைத்ததை எல்லாம் மாற்றிப் போட்டால் பணம் போகும், காரணம் தெரியாது. ஒவ்வொன்றாகப் போகணும்.

முதலில் டென்ஷன். ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 12 மில்லிமீட்டர் அளவுக்கு ஆடணும். ஒரு விரல் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. அச்சைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றும் பார்க்கணும். ஸ்ப்ராக்கெட் துல்லியமான வட்டமாக உட்காரவில்லை என்றால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அந்த 12 மில்லிமீட்டர் இருக்கணும்.

'கழலுதா? அப்போ டைட்டா வெச்சுடு!' என்பதுதான் டிராக்கில் எல்லோரும் இலவசமாகத் தருகிற அட்வைஸ். கேட்காதீங்க. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் இல்லை. அந்தச் சட்டமே வளைந்து நிமிர்ந்துதான் சஸ்பென்ஷன் வேலையைச் செய்கிறது. வளைவில் சட்டம் முறுக்கும்போது இன்ஜினுக்கும் அச்சுக்கும் நடுவே தூரம் கொஞ்சம் மாறும். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் செயின் சூடாகும், பேரிங் அழும், இன்ஜின் பவர் வீணாகும், கடைசியில் செயின் அறுந்தே போகும். எங்க கார்ட்டில் டென்ஷன் சரியாகவே இருந்தது.

ரெண்டாவது, தேய்மானம். செயின் 'நீண்டு போச்சு' என்போம். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும், அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் துளித்துளியாகத் தேய, நூறு இணைப்பிலும் சேர்ந்து மொத்த நீளம் கூடுகிறது. புதுச் செயினில் 100 இணைப்பு 777.4 மில்லிமீட்டர். அது 785-ஐத் தாண்டினால் ஒரு சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். நாங்கள் அதோடு கழற்றிவிடுவோம். ஸ்ப்ராக்கெட் தேய்ந்தால் பல் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதலில் பாருங்க வேண்டியது முன் ஸ்ப்ராக்கெட். பின்னால் ஒரு பல் ஒரு தடவை செயினைச் சந்திக்கும் நேரத்தில், முன்னால் உள்ள பல் ஆறு தடவை சந்திக்கிறதே! புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் போடுவதும் வேண்டாம். பழசு புதுசைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும், கெட்ட சகவாசம் மாதிரி. எங்களுடையதில் ரெண்டுமே நல்லாத்தான் இருந்தது.

மூணாவது, நேர். ஒரு நல்ல இரும்பு ஸ்கேலைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால், அது முன் ஸ்ப்ராக்கெட்டையும் ஒழுங்காகத் தொடணும். இடைவெளி இருந்தால் நேர் தவறியிருக்கிறது. இங்கே ஒரு சூட்சுமம்: இன்ஜின் மவுன்ட் போல்ட்டை இறுக்கும்போதே இன்ஜின் கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை ஸ்கேல் வைக்கணும். வைத்தேன். கோடு போட்ட மாதிரி நேர்!

டென்ஷன் ஓகே. தேய்மானம் ஓகே. நேர் ஓகே. அப்ப தப்பு பையன் மேலதானா?

பல் சொன்ன ரகசியம்

ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நேர் தவறின ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் ஒரு பக்கம் மட்டும் உரசிப் பளபளக்கும். செயின் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பதை அந்தப் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும். எங்க ஸ்ப்ராக்கெட்டில்... ரெண்டு பக்கமும் பளபளத்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. ஒரு பக்கம் என்றால் நிலையான கோணல். ரெண்டு பக்கமும் என்றால்? ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வருகிறது. நிற்கும்போது நேராக இருந்து, ஓடும்போது நகர்கிறது. ஸ்டாண்டில் தூக்கி வைத்து எத்தனை தடவை ஸ்கேல் வைத்தாலும் இது எப்படித் தெரியும்?

கார்ட்டின் பின் அச்சு ஒரே நீளக் குழாய். அது பேரிங்குகளுக்குள் நுழைந்து போகிறது. பேரிங்கின் உள்வளையத்தில் இருக்கிற குட்டி குட்டி கிரப் ஸ்க்ரூக்கள்தான் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கின்றன. சந்தேகம் அங்கே போனது.

"சின்னு, இங்க வா" என்று கூப்பிட்டு, கையில் ஒரு வெள்ளை பெயின்ட் மார்க்கரைக் கொடுத்தேன். அச்சும் பேரிங்கும் சேருகிற இடத்தில், அச்சைச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னேன். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, டிராயிங் பரீட்சை மாதிரி பொறுமையாகப் போட்டான். "மெதுவா மூணு லேப் மட்டும் போயிட்டு வா. ஜெயிக்க வேண்டாம்."

போய்விட்டு வந்தான். இன்ஜினை அணைத்துவிட்டு மூணு பேரும் குனிந்து பார்த்தோம். கோடு பேரிங்கை விட்டு வெளியே வந்து நின்றது. நாலு மில்லிமீட்டர்!

வலது வளைவில் அச்சு ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. அதோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும் போகிறது. செயின் மட்டும் இன்ஜினோடு இழுபட்டு நிற்கிறது. அப்புறம் வருகிற இடது வளைவுகளில் அச்சு பழையபடி திரும்பி வந்துவிடுகிறது. ஆலன் கீயை வைத்துப் பார்த்தால் கிரப் ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது. ஒன்றில் மரையே போயிருந்தது. பையன் எவ்வளவு அழகாக ஓட்டினாலும் அந்தச் செயின் கழன்றுதான் இருக்கும்.

சின்னு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"அப்போ... நான் இல்லீங்களா மாமா?"

"நீ இல்லடா."

மச்சான் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பையன் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். "அப்பா தெரியாம கத்திட்டேன்டா" என்றார். என் மச்சான் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேரிங்கை மாற்றினோம். புது கிரப் ஸ்க்ரூக்களுக்கு த்ரெட் லாக் பசை போட்டு இறுக்கினோம். லாக் காலரையும் பேரிங்கோடு ஒட்டி வைத்தோம். அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் சின்னு முதலில் பார்ப்பது லேப் டைமை அல்ல, கோட்டை!

விரல் ஜாக்கிரதை... முடியும்!

விளையாட்டில்லாத விஷயம் ஒன்று. செயினுக்கு ஆயில் போடும்போது இன்ஜினை ஓடவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு துடைக்கிற பழக்கம் பைக் வைத்திருக்கிற நம்மில் பல பேருக்கு இருக்கிறது. துணி செயினில் மாட்டினால் விரலும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். யோசிக்கக்கூட நேரம் இருக்காது. இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் கேப்பைப் பிடுங்கி வைத்த பிறகுதான் செயின் பக்கமே கை போகணும். சுற்ற வேண்டும் என்றால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுங்க, செயினைப் பிடித்து அல்ல. செயின் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது ஸ்டைல் இல்லை, முட்டாள்தனம். அறுந்த செயின் சாட்டை மாதிரி வீசும்.

2018-ல் ஹரியானாவின் பின்ஜோரிலும், 2020-ல் ஹைதராபாத்திலும் ஜாலியாக கார்ட் ஓட்டப் போன இளம்பெண்கள், தலைமுடி சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். அடுத்த தடவை கேங்காக கார்ட்டிங் போகும்போது, நீளமான முடியைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள், முடிந்தால் சட்டைக்குள்ளும் செருகுங்க. துப்பட்டா, ஸ்கார்ஃப் எல்லாம் கவுன்டரிலேயே இருக்கட்டும். ஹெல்மெட் லூஸாக இருந்தால் வேறு கேளுங்க. பின்பக்கம் அச்சும் செயினும் மூடப்படாத கார்ட் என்றால், காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்க.

டூல் பாக்ஸில் மடித்து வைக்க...

சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் மானத்தைக் காப்பாற்றும்!

* பிரித்து மாட்டும் இணைப்பில் கிளிப் இருந்தால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கணும். திருப்பிப் போட்டால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும்.

* செயின் எந்தப் பக்கமாகக் கழன்றது, உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று மாட்டுவதற்கு முன்னால் பாருங்க. பாதி விடை அதிலேயே இருக்கும்.

* ஒவ்வொரு ஓட்டத்துக்கும் செயின் லூப் அவசியம். செயினின் உள்பக்கம் அடித்தால், சுற்றும்போது அதுவே வெளியே பரவும். மண் ஒட்டின செயினில் மேலும் மேலும் ஆயில் அடிப்பது, உப்புத்தாளுக்கு எண்ணெய் பூசுகிற மாதிரி. முதலில் துடைக்கணும்.

* ஒரு இணைப்பு மட்டும் மடங்காமல் விறைத்து நின்றாலோ, செயின் நீலம் பாய்ந்திருந்தாலோ, அது சூடு பட்டுச் செத்த செயின். தயவு பார்க்காதீங்க.

* செயினில் இணைப்புகள் எப்போதும் இரட்டைப்படை. அகலமான இணைப்பு, குறுகலான இணைப்பு என்று மாறி மாறி வரும். ஸ்ப்ராக்கெட்டிலும் இரட்டைப்படைப் பல் என்றால் ஒரே பல்லுக்கு எப்பவும் ஒரே மாதிரி இணைப்புதான் வந்து மாட்டும். 72-க்குப் பதில் 73 போட்டால் ரெண்டும் மாறி மாறி வரும், தேய்மானம் சமமாகும். கணக்கு எங்கெல்லாம் உதவுது பாருங்க!

கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடு முழுக்க இருந்து காலேஜ் டீம்கள் தாங்களே கட்டின காரோடு வந்து இறங்குவார்கள். உங்க காலேஜிலும் அப்படி ஒரு டீம் இருக்கலாம். அதில் சேர பெரிய மூளை எல்லாம் வேண்டாம். கை அழுக்காகிறதைப் பற்றிக் கவலைப்படாத ஆள் யாராவது வேணும் என்றுதான் எப்பவும் தேடிக்கொண்டிருப்பார்கள். போய் நில்லுங்க. பேப்பரில் 'பவர் டிரான்ஸ்மிஷன்' என்று மார்க்குக்கு எழுதுகிற சமாச்சாரம், அங்கே கிரீஸ் வாசனையோடு புரியும்.

அப்புறம், டீமில் எவனாவது வண்டியை நிறுத்திவிட்டு வந்து 'செயின் போச்சு' என்று தலையைக் குனிந்து நின்றால், அவனைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு மார்க்கரை எடுத்து அச்சில் கோடு போடுங்க. திட்டுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கும்.